மாமரத்தின் சேமிப்புக் கணக்கு

வறட்சிக்கு அடுத்த வருடம் மாமரம் சரியாகக் காய்க்காவிட்டால், எங்கள் தருமபுரிப் பக்கம் இரண்டு யோசனை கிளம்பும்: வெட்டிவிடு, இல்லையென்றால் பூ மருந்து ஊற்று. இரண்டுமே தவறு என்பேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது; 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட காலத்தில் மரம் என்ன செய்கிறது? ஈரம் போகாமல் இருக்க இலையின் நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் வர வேண்டும். அது வராவிட்டால் சர்க்கரை தயாராகாது. வருமானம் நின்றாலும் செலவு நிற்பதில்லை. மரம் சுவாசித்தே ஆக வேண்டும். அடிமரத்திலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கரைத்துப் பிழைக்கிறது. பென்ஷன்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

மழை வந்ததும், மிச்சமிருப்பதை வேருக்கும் தளிருக்கும்தான் முதலில் செலவழிக்க வேண்டும். அந்த நேரத்தில் வேரடியில் பேக்லோபியூட்ரசால் ஊற்றினால் அது தளிரை அடக்கிப் பூவைத் தள்ளும். ஒரு வருடம் காய் கிடைக்கலாம். கையிருப்பு தீர்ந்த மரம் அடுத்த வறட்சியை எப்படித் தாங்கும்?

குத்தகைக்காரருக்கு ஒரு பருவம்தான் கணக்கு. மரம் தோட்டக்காரருடையது. வறட்சிக்கு அடுத்த வருடம் மருந்து கூடாது என்று குத்தகை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொஞ்சம் குறையும். முப்பது வருட மரம் பட்டுப்போனால் ஆகும் நஷ்டம் அதைவிடப் பெரிது.