பட்டாசு: நேரத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

தீபாவளி நெருங்கினாலே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: 'எத்தனை மணிக்கு வெடிக்கலாம்?' தமிழ்நாட்டில் இதற்குப் பதில் 2018 முதல் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. ஒரு நாளைக்கு 2 மணி நேரம்தான் என்று உச்ச நீதிமன்றம் வரம்பு வைத்ததால் வந்த நேரம் இது. ஆனா, அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கு: பட்டாசுக் கடை எங்கே இருக்கிறது?

கடை இடம் ஏன் முக்கியம்?

2021 அக்டோபர் 26. தீபாவளிக்கு இன்னும் 9 நாள். கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் ஒரு பட்டாசுக் கடை தீப்பிடித்து வெடித்தது. குறைந்தது 5 பேர் இறந்தார்கள். வெடிக்கும் நேரத்தை எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் இந்த விபத்தைத் தடுத்திருக்க முடியாது. சங்கராபுரமும் ஒரு பேரூராட்சிதான். தேனி மாவட்டத்தின் கெங்குவார்பட்டியைப் போல.

விதி என்ன சொல்கிறது?

2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. தற்காலிகக் கடைகள்:

- எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆன கொட்டகையாக இருக்க வேண்டும்.
- ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும்.
- வீடு, பள்ளி போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.
- ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது.
- ஓரிடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது.

நிரந்தரக் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பு இருக்கக் கூடாது.

பேரூராட்சிக்கு இதில் என்ன வேலை?

உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம். ஆனா, எந்தத் தெரு குறுகல், எங்கே தீயணைப்பு வண்டி நுழையாது, எந்தக் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் உள்ளூர் நிர்வாகத்துக்குத்தான் தெரியும். வீடும் கடையும் ஒட்டியே இருக்கும் சின்ன ஊர்க் கடைவீதியில் 50 மீட்டர் இடைவெளி கிடைப்பது கஷ்டம். அதனால் கெங்குவார்பட்டி போன்ற பேரூராட்சிகள் ஒரு பொது மைதானத்தை முன்கூட்டியே ஒதுக்கி, தண்ணீர் லாரியும் மின்விளக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

'பஜாரை விட்டுப் போனா வியாபாரம் படுத்துடும்' என்ற வியாபாரிகளின் கவலை நியாயமானது. எல்லாக் கடைகளும் ஒரே மைதானத்தில் இருந்தால், வாங்குபவர்கள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு நஷ்டம். எனவே இடத்தை ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். யாருக்கும் சலுகை கூடாது.

தீபாவளியோடு முடிகிற விஷயமா?

இல்லை. கோடைத் திருவிழாக்களிலும் வாணவேடிக்கை உண்டு. கொடைக்கானல் மலையடிவாரத்தில் புல் காய்ந்து கிடக்கும் காலம் அது. பக்கத்து மாநிலமான கேரளாவில், பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10-ம் தேதி நடந்த விபத்தில் 100-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அங்கே போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது; ஆனாலும் நடந்தது. அனுமதி மறுக்கும் ஒரு கடிதம் மட்டும் எதையும் நிறுத்திவிடாது. வெடி குவிக்கும் இடத்துக்கு நேரில் போய்த் தடுக்க ஆள் வேண்டும்.

'எத்தனை மணிக்கு?' என்று கேட்பதை விட வேண்டாம். அதோடு, 'நம்ம ஊர்ல கடைக்கு எந்த இடம் ஒதுக்கியிருக்கீங்க?' என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அதைத் தீபாவளிக்கு முந்தின நாள் கேட்டுப் பயனில்லை. இப்போதே கேட்க வேண்டும்.