ஆலைக்குள்ளேயே ஒரு கவுண்டர்: அமெரிக்காவின் சின்ன பீர் ஆலைகள் 'டேப்ரூமை' நம்பி இருப்பது ஏன்?

டெக்சாஸில் ஒரு சனிக்கிழமை மதியம். ஊருக்கு வெளியே, டயர் கடைக்கும் குடோனுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய ஷெட். வாசலில் டாக்கோ விற்கும் உணவு டிரக். உள்ளே நீள பெஞ்சுகள், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், மேசைக்கு அடியில் படுத்திருக்கும் நாய்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் எஃகுத் தொட்டிகள். கவுண்டரில் இருப்பவர் முதலில் கேட்பது அடையாள அட்டையை. 21 வயது முடிந்திருக்க வேண்டும். தாடி, மீசையெல்லாம் சாட்சி ஆகாது. அடுத்து, குழி வெட்டிய ஒரு மரப்பலகையில் நாலு சின்ன கிளாஸ்களை வைத்து, நாலு வகை பீரை ஊற்றித் தருவார். அதற்குப் பெயர் 'ஃபிளைட்'.

டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போன நம்ம ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன வார இறுதிக் காட்சிதான். ஆனால் அந்தக் கவுண்டர் அங்கே வருவதற்கு எத்தனை வருட சட்டச் சண்டை நடந்தது என்பது பலருக்கும் தெரியாது. 2013 வரை, டெக்சாஸில் உள்ள ஒரு பீர் ஆலை தன் சொந்தக் கட்டடத்தில் ஒரு கிளாஸ் பீரைக்கூட நேரடியாகக் காசுக்கு விற்க முடியாது. 2019 செப்டம்பர் வரை, அங்கிருந்து ஒரு கேனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. இப்போது அமெரிக்காவில் திறக்கும் சிறு ஆலைகளைவிட மூடப்படும் ஆலைகள் அதிகம். இந்த நேரத்தில் பல ஆலைகளைத் தாங்கிப் பிடித்திருப்பது அந்த ஒரு கவுண்டர்தான்.

தயாரித்தவரே விற்கக் கூடாதா?

இதற்கு 100 வருடம் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவில் 1920 ஜனவரியில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு பெரிய பீர் ஆலைகளே ஊர் ஊராக 'சலூன்'களைப் பிடித்து வைத்திருந்தன. வாடகை, நாற்காலி, உரிமக் கட்டணம் எல்லாம் ஆலை கொடுக்கும். பதிலுக்கு அந்தக் கடை அந்த ஆலையின் பீரை மட்டும்தான் விற்க வேண்டும். விற்பனையைக் கூட்டச் சொல்லி அழுத்தமும் வரும். மதுவிலக்குக் கோரிக்கை வலுத்ததற்கு இந்தக் கடைகளின் ஆட்டமும் ஒரு காரணம்.

1933 டிசம்பரில் மதுவிலக்கு முடிந்தபோது, பழைய கதை திரும்பக் கூடாது என்று மாநிலங்கள் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அதுதான் மூன்றடுக்கு முறை. தயாரிப்பவர் ஒருவர், மொத்த விநியோகஸ்தர் இன்னொருவர், சில்லறையில் விற்பவர் மூன்றாமவர். ஒருவர் அடுத்தவரின் வேலையில் கைவைக்கக் கூடாது. மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் இருப்பதால், ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி விதிகள்.

நம்ம ஊரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று புரியும். தமிழ்நாட்டில் 1983 முதல் மொத்த விற்பனையும், 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். அங்கே நடு அடுக்கில் உட்கார்ந்திருப்பது தனியார் விநியோக நிறுவனங்கள். 1933-ல் அவர்களுக்குக் கிடைத்த இடத்தை இன்றுவரை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றி வருகிறார்கள். மாநிலச் சட்டமன்றங்களில் அவர்களுக்கு இருக்கும் செல்வாக்கு சாதாரணமானதல்ல.

சின்ன ஆலைகள் எப்போது வந்தன?

1970-களின் கடைசியில் அமெரிக்கா முழுக்க இருந்த பீர் ஆலைகள் 100-க்கும் குறைவு. ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி வெளிறிய, லேசான லாகர் பீர். 1976-ல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் ஜாக் மெக்காலிஃப் 'நியூ ஆல்பியன்' என்ற சின்ன ஆலையைத் தொடங்கினார். சில வருடங்களில் அது மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதைப் பார்த்துப் பலர் இறங்கினார்கள். 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சுவதை அனுமதித்தது. இன்றைய ஆலை முதலாளிகளில் பலர் கேரேஜில் காய்ச்சிப் பழகியவர்கள்தான். இப்போது ஆலைகளின் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டி நிற்கிறது.

'கிராஃப்ட்' என்ற பட்டத்துக்கு ஆலைகளின் சங்கம் வைத்திருக்கும் எல்லை, வருடத்துக்கு 60 லட்சம் பேரல். ஒரு பேரல் சுமார் 117 லிட்டர் என்பதால், 70 கோடி லிட்டர் காய்ச்சுபவரும் 'சிறியவர்'தான்! நிஜத்தில் பெரும்பாலான ஆலைகள் இதில் ஒரு துளி அளவுகூட வராது.

ஒரு கிளாஸில் எவ்வளவு நிற்கும்?

விஷயத்தின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பார்களுக்குப் போகும் பெரிய எஃகுப் பீப்பாய்க்கு 'கெக்' என்று பெயர். அதில் 15.5 கேலன், அதாவது 58 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். 16 அவுன்ஸ் கிளாஸில் ஊற்றினால் 124 கிளாஸ். நுரை, சிந்தல் போக 115 என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கெக்கை விநியோகஸ்தரிடம் 150 டாலருக்கு ஆலை விற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் லாபத்தை வைத்து பாருக்குக் கொடுப்பார். பார் தன் லாபத்தை வைத்து கிளாஸ் கிளாஸாக விற்கும். அதே கெக் ஆலையின் சொந்தக் கவுண்டரில் கிளாஸ் 6 டாலருக்குப் போனால், 690 டாலர். பீர் அதேதான். தொட்டியும் அதேதான். ஊழியர் சம்பளம், வாடகை, கழுவும் செலவு எல்லாம் கழித்தாலும் கையில் நிற்பது பல மடங்கு.

அதனால்தான் வங்கிக் கடன் வாங்கித் தொட்டி போட்ட ஒரு சின்ன ஆலைக்கு டேப்ரூம் என்பது விளம்பர அலங்காரம் இல்லை, மாதத் தவணை கட்டும் இடம்.

குடிப்பவருக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. பீரின் மணத்துக்குக் காரணமான ஹாப்ஸ் பூவின் வாசனை, நாள் போகப் போக மங்கும். குறிப்பாக ஐபிஏ வகை சில வாரங்களிலேயே சோர்ந்துவிடும். வெயிலில் லாரியில் பயணித்து, கடை அலமாரியில் இரண்டு மாதம் உட்கார்ந்த கேனுக்கும், பக்கத்து அறைத் தொட்டியிலிருந்து குழாய் வழியே வருவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஃபிளைட் வாங்குபவர்கள் லேசானதில் தொடங்கி, கசப்பும் கனமும் கூடியதில் முடிப்பது வழக்கம். நிறத்தை நம்பிப் போதையைக் கணக்குப் போடக் கூடாது. கன்னங்கரேலென்று இருக்கும் ஸ்டவுட் 4 சதவீத ஆல்கஹாலோடு இருக்கலாம். தேன் நிற பெல்ஜியன் டிரிபெல் 9 சதவீதத்தில் ஆளைச் சாய்க்கும். பலகையில் 'ஏபிவி' என்று எழுதியிருப்பது இந்த சதவீதத்தைத்தான்.

டெக்சாஸில் நடந்த கூத்து

2013-க்கு முன்பும் டெக்சாஸ் ஆலைகளில் கூட்டம் இல்லாமல் இல்லை. 'ஆலையைச் சுற்றிக் காட்டுகிறோம்' என்று டிக்கெட் போடுவார்கள். அல்லது ஆலையின் பெயர் அச்சிட்ட கிளாஸை விலைக்கு விற்பார்கள். அதில் ஊற்றும் பீர் 'இலவசம்'. நம்ம ஊர் கல்லூரி 'நன்கொடை' மாதிரிதான். எல்லோருக்கும் தெரியும், ரசீதில் மட்டும் வேறு பெயர். இத்தனைக்கும் உணவகத்தோடு சேர்ந்த 'ப்ரூபப்'களுக்கு 1993-லிருந்தே அனுமதி இருந்தது. ஒயின் ஆலைகள் பாட்டிலைக் கையில் கொடுத்தே அனுப்பின. பீர் ஆலைக்கு மட்டும் கூடாது.

2013-ல் வந்த சட்டங்கள், வருடத்துக்கு 5,000 பேரல் வரை ஆலையிலேயே விற்றுக் குடிக்கக் கொடுக்க வழிவிட்டன. கூடவே ஒரு கசப்பும் வந்தது: ஒரு பகுதிக்கான விநியோக உரிமையை ஆலைகள் விநியோகஸ்தரிடம் பணம் வாங்காமல் கொடுத்துவிட வேண்டும். மூன்று ஆலைகள் வழக்குப் போட்டன. விசாரணை நீதிமன்றத்தில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்றன.

2016-ல் ஹூஸ்டனின் கார்பாக் ஆலையை, பட்வைசரின் தாய் நிறுவனமான ஏபி இன்பெவ் வாங்கியது. அடுத்த வருடமே இன்னொரு சட்டம். மொத்தத் தயாரிப்பு 2,25,000 பேரலைத் தாண்டும் நிறுவனம், தன் டேப்ரூமில் விற்கும் பீரை முதலில் விநியோகஸ்தருக்கு விற்று, அவரிடமிருந்தே திரும்ப வாங்க வேண்டும். சரக்கு கட்டடத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். பணம் மட்டும் போய் வந்தால் போதும்.

விநியோகஸ்தர்கள் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. நடு அடுக்கு இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்கள் பழையபடி கடைகளை வளைத்துப் போடும், வரி வசூலும் சிக்கலாகும் என்கிறார்கள். பக்கத்துத் தெரு பார்காரரின் வருத்தமும் புரிந்துகொள்ளக் கூடியதே. அவர் விநியோகஸ்தர் விலைக்கு வாங்கி விற்கும்போது, ஆலைக்காரர் ஆக்க விலையில் போட்டிக்கு நிற்கிறார். ஆனால் கட்டடத்தை விட்டு நகராத பீருக்கும் நடுவர் கமிஷன் என்பதை இந்த வாதங்கள் எதுவும் நியாயப்படுத்தவில்லை.

கடைசியாக 2019 செப்டம்பர் 1-ல் கேன்களை வாங்கிப் போகவும் அனுமதி வந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 288 அவுன்ஸ், அதாவது 12 அவுன்ஸ் கேன் என்றால் 24. ஆறே மாதத்தில் கொரோனா. 2020 மார்ச்சில் டேப்ரூம்கள் மூடின. திறந்தவற்றை ஜூன் 26-ல் ஆளுநர் மறுபடியும் மூடச் சொன்னார். பார்களுக்குக் கெக் போவதும் நின்றது. அந்த மாதங்களில் ஆலை வாசலில் வந்து நிற்கும் கார்களுக்குக் கேன் கொடுத்துத்தான் பல ஆலைகள் ஓட்டின. சட்டம் ஒரு வருடம் தள்ளி வந்திருந்தால் அந்த வழியும் இருந்திருக்காது.

இப்போது என்ன சிக்கல்?

2023 ஜூலையில், 127 வருடப் பழமையான சான் பிரான்சிஸ்கோவின் 'ஆங்கர்' ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2024-ல், திறந்த கிராஃப்ட் ஆலைகளைவிட மூடியவை அதிகம். 2005-க்குப் பிறகு இப்படி நடந்தது அதுதான் முதல் முறை. 2025 ஆகஸ்டில் வெளியான கேலப் கருத்துக்கணிப்பில், மது அருந்துவதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 54 சதவீதம். ஏறக்குறைய 90 வருடக் கணக்கில் இதுதான் குறைவு. இன்னொரு பக்கம், இறக்குமதி அலுமினியத்துக்கான வரி 2025 மார்ச்சில் 25, ஜூனில் 50 சதவீதம் என்று ஏறியது. கேனில் அடைத்துக் கடைக்கு அனுப்புபவருக்கு இதுவும் ஒரு சுமை. கவுண்டரில் கிளாஸில் ஊற்றுபவருக்குக் கேனும் வேண்டாம், கமிஷனும் வேண்டாம். ஊர் ஊராகச் சரக்கு அனுப்பும் ஆசையில் பெரிய தொட்டி வாங்கிப் போட்டவர்களைவிட, ஒரு ஷெட், பத்து குழாய், பழகிய முகங்கள் என்று நின்றுகொண்டவர்களுக்கு மூச்சு விட இடம் இருக்கிறது.

ஆனால் அந்த ஷெட் பெரும்பாலும் பஸ் போகாத இடத்தில்தான் இருக்கிறது. வருபவர்கள் காரில்தான் வர வேண்டும், காரில்தான் திரும்ப வேண்டும். டெக்சாஸில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டாலே குற்றம். விசாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய ஆபத்து. 2015 முதல் உள்ள நடைமுறைப்படி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்கத் தூதரகத்துக்கு அதிகாரம் உண்டு. நாலு பேர் போகும் கும்பலில் சாவி யார் கையில் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். அவருக்கென்று இப்போது பல டேப்ரூம்களில் ஒரு குழாய் தனியாக இருக்கிறது: ஆல்கஹால் இல்லாத, ஹாப்ஸ் வாசனை மட்டும் ஏறிய சோடா.