பேராசிரியர் அரசியல் பேசினால் என்ன தப்பு?

எம்.கே.பி. நகரை ஒட்டி, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே வேதியியல் நடத்தும் ஒருவர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய் பற்றி, 'அரசு தூங்கிவிட்டது' என்று டிவியில் சொல்ல முடியுமா? சிக்கல்தான். அரசுக் கல்லூரி ஆசிரியரும் அரசு ஊழியர். 1973-ம் ஆண்டு நடத்தை விதிகள்படி ஓட்டுப் போடலாம்; கட்சியில் சேரவோ, அரசின் கொள்கையை ஊடகத்தில் விமர்சிக்கவோ கூடாது. தனியார் கல்லூரி என்றால் விதிகூட வேண்டாம், மேனேஜ்மென்ட்டிடமிருந்து ஒரு போன் போதும்.

சரி, எல்லோருக்கும் இதே கதிதானா? 2025 பொங்கல் சமயத்தில், கோமியத்துக்கு மருத்துவ குணம் உண்டு என்று சென்னை ஐ.ஐ.டி. இயக்குநர் காமகோடி பேசினார். இத்தனைக்கும் அவர் துறை கணினி! கட்சிகள் மோதிக்கொண்டன, அவர் பதவியில் தொடர்ந்தார்.

அதே ஆண்டு மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய அசோகா பல்கலைக்கழக இணைப் பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத் கைதானார். அவர் நடத்தும் பாடமே அரசியல் அறிவியல்தான். மே 21-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த விவகாரம் பற்றி அவர் எதுவும் எழுதக் கூடாது, பேசவும் கூடாது.