கேள்வி கேட்பவர் யார்?

"மாமா! சர்வதேச விவகாரங்களைப் பற்றி ஒரு வியாசம் எழுத வேண்டும். ஜட்ஜுகளுக்குப் பிடிக்கிற மாதிரி எழுதட்டுமா, எனக்குத் தோன்றுகிற மாதிரி எழுதட்டுமா?"

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த வீட்டுப் பையன் இப்படி ஒரு கேள்வியைப் போட்டான். பதினோராம் வகுப்பில் வாசிக்கிறவன். "தோன்றுகிறபடியே எழுது, அப்பா!" என்று சொல்லிவிட்டு நாம் காப்பியைக் கவனித்திருக்கலாம். ஆனால் அது பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற பதில். ஆகையால், காப்பி ஆறினாலும் பாதகமில்லையென்று விஷயத்தைச் சற்று விசாரித்தோம்.

காமன்வெல்த் நாடுகளின் மாணவர்களுக்காக லண்டன் சங்கம் ஒன்று நடத்தும் போட்டி அது. இந்தியா காமன்வெல்த்தில் அங்கம் வகிப்பதால் நம் பிள்ளைகளும் பதினெட்டு வயது வரையில் கலந்துகொள்ளலாம். இந்தப் போட்டி 1883-ஆம் வருஷத்தில் ஆரம்பமாயிற்று என்றால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர் விக்டோரியா மகாராணி. சங்கத்தின் பெயர் 'ராயல் கொலோனியல் இன்ஸ்டிட்யூட்'. 1928-இல் அது 'ராயல் எம்பயர் சொஸைட்டி' ஆயிற்று. 1958-இல் 'ராயல் காமன்வெல்த் சொஸைட்டி' ஆயிற்று. 'காலனி' போய் 'சாம்ராஜ்யம்' வந்து, அதுவும் போய்க் 'காமன்வெல்த்' வந்த கதையைச் சரித்திரப் புத்தகத்தில் தேடுவானேன்? அந்தச் சங்கத்தின் பெயர்ப் பலகையே சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவிலும் இத்தகைய போட்டி உண்டு. அந்நாட்டு ராஜதந்திர உத்தியோகஸ்தர்களுக்கு 1924-இல் ஏற்பட்ட ஒரு சங்கம் இருக்கிறது. 'அமெரிக்கன் ஃபாரின் சர்வீஸ் அஸோஸியேஷன்' என்று பெயர். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் வாசிப்பவர்களுக்கு அது வியாசப் போட்டி நடத்தி, முதற் பரிசாக 2,500 டாலர் வழங்கி வந்திருக்கிறது. அந்த உத்தியோகஸ்தர்களின் சொந்தப் பிள்ளைகள் அதில் சேரக்கூடாதென்பது விதி. நல்ல விதிதான். பந்தியில் பரிமாறுகிறவர் தம் பிள்ளையின் இலையைத் தேடிப் போவது உலக வழக்கமல்லவா?

ஆனால் ராஜதந்திரம் ஏன் அவசியம் என்று ராஜதந்திரிகளே கேட்டால், எத்தகைய பதில் அவர்கள் மனத்துக்கு இனிக்கும்? நெய் வியாபாரிகள் சங்கம் நெய்யின் மகிமையைப் பற்றி வியாசம் எழுதச் சொன்ன மாதிரிதான்! இதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. கேள்வி கேட்பவர் எவரானாலும், தாம் நிற்கும் இடத்திலிருந்துதான் கேட்பார். அதைத் தெரிந்துகொண்டு பதில் எழுதுகிறவனே மெய்யாகப் படித்தவன்.

"அப்படியானால் எழுதாமலே இருந்துவிடட்டுமா?" என்றான் பையன்.

கூடாது! ஒரு காலத்தில் நம்மை யாரும் கேள்வியே கேட்கவில்லை. 1939-ஆம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி, இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதென்று வைசிராய் லின்லித்கோ பிரபு பிரகடனம் செய்தார். முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களின் தலைவிதியைப் பற்றிய அந்த விஷயத்தில், நம் தேசத் தலைவர்களை அவர் கலந்து ஆலோசிக்கவில்லை. அதை ஆட்சேபித்துத்தான் அவ்வருஷம் அக்டோபரில் சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. தலைவர்களின் அபிப்பிராயத்துக்கே மதிப்பில்லாதிருந்த நாட்டில், இன்று பதினாறு வயதுப் பையனிடம் உலகத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள். இது அற்ப சொற்பமான மாறுதலா?

ஆகவே பையனுக்கு நாம் மூன்று யோசனைகள் சொன்னோம். முதலாவது, கேள்வியையே பரிசீலனை செய்; அதில் ஒளிந்திருக்கும் அனுமானம் என்னவென்று பார். இரண்டாவது, எந்த நாட்டைக் குறை சொல்லப் போகிறாயோ அந்த நாட்டுக்காரன் தன் பக்கத்து நியாயத்தை எப்படிச் சொல்வான் என்று தெரிந்துகொள். மூன்றாவது, உன் முடிவை அஞ்சாமல் எழுது. ஆனால் காரணமில்லாமல் ஒரு வரிகூட எழுதாதே.

"இப்படி எழுதினால் பரிசு கிடைக்குமா, மாமா?"

"கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் இரண்டு வருஷத்தில் உனக்கு வோட்டு வந்துவிடும். அப்போது உன் முன்னால் வரும் கேள்விகளை உன்னால் எடைபோட முடியும்."

பையன் சற்று நேரம் யோசித்தான். பிறகு நம் அலமாரியிலிருந்த தேசப்படப் புத்தகத்தை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். காப்பி ஆறிப்போயிருந்தது; அதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை.