கன்று நட்டது இருக்கட்டும், ஓடை எங்கே?

போன மாதச் சுவரிதழில் ‘நம் பள்ளியின் சாதனைகள்’ என்ற கட்டுரையைப் படித்திருப்பீர்கள். அதில் நான்காவது சாதனை, போன வருடம் ஆடி மாதம் நம் பசுமைப் படை பழைய மைன்ஸ் மேட்டில் 100 கன்றுகள் நட்டது. நானும் அன்னைக்கு மண்வெட்டி தூக்கிட்டுப் போனவள்தான். போட்டோவில் இடது ஓரத்தில் பாதி முகம் தெரிவது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது எண்ணிப் பார்த்தேன். உயிரோடு இருந்தது 11. அதிலும் மூன்றை ஆடு கடிச்சிருந்தது. (எங்க ஆடு இல்லை.)

தண்ணீர் ஊற்றாததால் செத்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. அந்த மேடு எதனால் ஆனது என்று யோசித்தீர்களா? நம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் எடுக்க வேண்டுமென்றால் முதலில் மேலே இருக்கிற கரிசலைச் சுரண்ட வேண்டும். அதற்குக் கீழே களிமண்ணும் கழிவுக்கல்லும். அதையும் எடுத்தால்தான் கல். இங்கே என்ன செய்தார்கள் என்றால், முதலில் எடுத்த நல்ல மண்ணை முதலில் கொட்டி, அதன் தலைமேல் களிமண்ணைக் கொட்டிவிட்டார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த மண் அடியில் புதைந்து கிடக்கிறது. செத்த மண் மேலே இருக்கிறது. அதில் ஒரு அடி குழி தோண்டி வேம்பு வைத்தால் எப்படி வரும்? மழை பெய்தால் வழுக்கி ஓடுது, வெயில் அடித்தால் வெடிக்குது, வேர் அறுந்து போகுது. சீமைக்கருவேல் மட்டும் யாரும் நடாமலேயே நல்லா வளருது.

மேல்மண்ணைத் தனியாகச் சேர்த்து வைத்து, நிலத்தைச் சீர்செய்யப் பயன்படுத்த வேண்டும் என்று 2017-ஆம் வருடத்து கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. அறிவியல் சாரிடம் கேட்டேன். அதையும் ரொம்ப நாள் குவித்து வைக்கக் கூடாதாம். உள்ளே காற்றுப் போகாமல் நுண்ணுயிர்கள் செத்துவிடுமாம். ஒரு பக்கம் தோண்டும்போதே, வேலை முடிந்த இன்னொரு பக்கத்தில் பரப்பிவிட வேண்டும் என்றார்.

மண்ணைவிடப் பெரிய விஷயம் ஓடை. எங்க அப்பாயி சொல்லும், “ஐப்பசியில ரெண்டு மழை பெஞ்சா போதும், ஓடையில தண்ணி சத்தம் வீட்டுக்குக் கேக்கும். ஏரி நெறைஞ்சு கலிங்கு வழிஞ்சா ஊரே கூடையைத் தூக்கிட்டு மீனுக்கு ஓடும்.” நான் கலிங்கு வழிந்து பார்த்ததே இல்லை. ஓடை வந்த வழியில்தான் மேடு உட்கார்ந்திருக்கிறது. மழைத்தண்ணி அதில் முட்டி, திரும்பி, பழைய குழிக்குள் போய்விடுகிறது. மேட்டிலிருந்து கரைந்து வருகிற வெள்ளைச் சேறு மிச்சம் இருக்கிற வரத்து வாய்க்காலையும் அடைத்துவிட்டது. குழியில் பச்சைத் தண்ணி தளும்புது, ஏரியில் பசங்க கிரிக்கெட் விளையாடுறாங்க. எங்க ஊர்ல தண்ணி இல்லாம இல்லை, இடம் மாறிக் கிடக்கு.

அந்தக் குழியில் படகு விட்டுப் பூங்கா கட்டலாம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமே இல்லை. கரை படிப்படியாக இல்லாமல் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குகிறது. விழுந்தால் பிடித்து ஏற ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னாடி நம்ம பள்ளி அண்ணன் ஒருத்தர் குளிக்கப் போய்த் திரும்பலை. பேர் எழுதவில்லை, அவர் தங்கச்சியும் இதைப் படிப்பாள். இன்னைக்கு வரை அங்கே ஒரு முள்வேலிகூட இல்லை. வேலி போடாத இடத்தில் படகு எதுக்கு?

ஆனால் அந்தத் தண்ணீர் வீணானதும் இல்லை. 2017-லும் 2019-லும் சென்னை தவித்தபோது சிக்கராயபுரம் பழைய கல்குவாரிக் குழிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் ஊருக்குக் கொடுத்தார்கள். சில நிலக்கரி, உலோகச் சுரங்கங்களில் தண்ணீர் அமிலமாகிவிடும். சுண்ணாம்புக்கல் அமிலத்தை முறிக்கிற கல், அது நம்ம அதிர்ஷ்டம். பரிசோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால் கோடையில் மோட்டார் வைத்து ஏரிக்கு விடலாமே.

(இடம் போதவில்லை, இனி எழுத்தைச் சிறிதாக்குகிறேன்.)

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்க அப்பா புது மைன்ஸில் டிப்பர் ஓட்டுகிறார். இந்தப் பேனா, நான் போட்டிருக்கிற யூனிபார்ம் எல்லாம் அந்தச் சம்பளம்தான். நம்ம பள்ளிக் கட்டடமும் சிமெண்ட்தான். இந்தக் கட்டுரையை எழுதுகிறேன் என்றதும் அப்பா, “எழுதி என் வேலைக்கு உலை வச்சிடாத தாயி” என்றார். “மைன்ஸை மூடச் சொல்லலப்பா, தோண்டி முடிச்ச எடத்தைச் சரிபண்ணச் சொல்றேன்” என்றேன். சோறு சாப்பிட்டு முடிக்கிற வரை அவர் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து, “அந்த ஓடை அடைப்பை எடுக்க ரெண்டு பொக்லைன், நாலு டிப்பர், பத்து நாள் போதும்” என்றார்.

காசு யார் தருவார்கள் என்று கேட்பீர்கள். 2015-ல் வந்த சட்டத் திருத்தப்படி சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. அந்த வருடம் ஜனவரி 12-க்கு முன் குத்தகை வாங்கியவர்கள் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையில் 30 சதவீதம் அளவுக்கு இதற்கும் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது, பிச்சை இல்லை. 2020 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. சுரங்க வேலை முடிந்த இடத்தில் குத்தகைக்காரர் மறுபடி புல் வளர்க்க வேண்டும், தீவனமும் செடிகொடியும் முளைக்கிற நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கச் சொன்னது. அப்பாயியிடம் படித்துக் காட்டினேன். “புல்லு மொளைக்கணும்னு டெல்லி கோர்ட்டு வரைக்கும் போவணுமா?” என்று சிரித்தது.

ஆகவே நான் கேட்பது இந்த வரிசையில்தான். முதலில் வேலி. அப்புறம் ஓடை. மேட்டைச் சரிவாக்கி, அடியில் சேறு தங்க ஒரு குழி வெட்டி, சரிவில் வெட்டிவேரும் புல்லும். நல்ல மண் பரப்பிய பிறகு வேம்பு, புங்கன், இலுப்பை, பனை. அப்போது கூப்பிடுங்கள், மண்வெட்டியோடு நானே முதலில் வருகிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறோம். எனக்கு ஓட்டு இல்லை, அப்பாயிக்கு இருக்கு, அதனால் அப்பாயிதான் கொடுக்கும். மனுவோடு பழைய ஓடையின் வரைபடமும் வைக்க வேண்டும். கீழே பென்சிலில் வரைந்திருக்கிறேன். அய்யனார் கோயிலுக்கு மேற்கே ஓடை எந்தப் பக்கம் வளைந்தது என்பதில் அப்பாயிக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் இன்னும் சண்டை. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு, சரியான வழியை இதிலேயே வரைந்துவிடுங்கள். ரப்பர் ஆணியில் கட்டித் தொங்குகிறது.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி