ஒப்பந்தம் இல்லாத தொழிற்பயிற்சி வேண்டாம்

பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளை மேலே படிக்கத் தயங்கினால், தென்காசிப் பக்கம் பல வீடுகளில் முதலில் எழும் யோசனை, தெரிந்தவர் பட்டறையில் விட்டுவிடுவதுதான். சம்பளப் பேச்சே இருக்காது. தொழில் படிந்தால் போதும் என்பார்கள். சில வருடங்களில் பையனுக்குக் கை தேறிவிடும். ஆனால், அதை நிரூபிக்க ஒரு தாள்கூட இருக்காது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத பயிற்சியில் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்பதே பெற்றோர், ஆசிரியர், பட்டறைக்காரர்கள் கூடிய இந்த மன்றத்தின் நிலைப்பாடு.

தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 30 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடம் விரும்பினால் எடுக்கலாம். 2019-ல் திருத்திய விதிகள், பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாய் எனக் குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. குற்றாலத்து லாட்ஜுகளும் தென்காசி மர அறுவை மில்களும் இதை எட்டிப் பார்க்காமல் இருப்பதற்குச் செலவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

எந்தத் தொழில்? ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் குழாய்க்கும் மோட்டாருக்கும் ஆள் கிடைக்காமல் அலைவார்கள். சீசன் போனதும் கூப்பிட ஆளிருக்காது. அந்த நான்கு மாதத்தை மட்டும் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. காற்று ஓய்ந்த மாதங்களில்தான் அவற்றின் பெரிய பராமரிப்பு வேலைகள் நடக்கும். இரண்டு வருட எலக்ட்ரீசியன் அல்லது பிட்டர் படிப்பை முடித்துவிட்டுப் பழகுநராகச் சேர்பவருக்கு லாட்ஜும் உண்டு, காற்றாலையும் உண்டு. அவசரமாகச் சம்பாதிக்க வேண்டியவருக்கு ஒரு வருட வெல்டர் படிப்பு இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம், பள்ளி முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துக் கணினித் தொழில் கற்பிக்கிறது. பட்டம் இல்லாமலும் வேலைக்குப் போகலாம் என்பதை ஊர் கண்ணால் பார்த்தது அங்கேதான். ஆனால், எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரே வாசலைக் காட்டுவது, எல்லாரையும் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பிய பழைய பிடிவாதத்தின் மறுபதிப்பு.

ஒன்றை மறைக்க வேண்டாம்: பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் முதலாளியைப் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. அதனால்தான் சான்றிதழ் தரும் தேர்வு வரை ஒப்பந்தம் நீடிப்பது முக்கியம். இங்கே வேலை இல்லையென்றாலும் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ அந்தச் சான்றிதழ் கூடவே போகும்.

பெண் பிள்ளைகளைத் தையலோடு நிறுத்திவிடும் வழக்கத்தையும் மன்றம் ஏற்கவில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவி ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். எலக்ட்ரீசியன் வகுப்பில் சேர அவருக்குத் தடை எதுவும் இல்லை; பழகுநராக எடுத்துக்கொள்ளப் பட்டறைகள்தான் முன்வர வேண்டும். மன்றத்தில் உள்ள பட்டறைக்காரர்கள் அதை முதலில் செய்ய வேண்டும் என்றும் இந்த அறிக்கை கேட்டுக்கொள்கிறது.