பிறநாட்டுச் சொற்கள்: சீனரின் வருஷப் பிறப்பு

சீன பாஷையைக் கற்கத் தொடங்குவோர் வெகு சீக்கிரத்தில் சந்திக்கும் சொல் 'சுன் ஜியே'. 'சுன்' என்றால் வசந்தம். 'ஜியே' என்றால் பண்டிகை. ஜனவரிப் பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ, அமாவாசையைக் கொண்டு கணிக்கப்படும் வருஷப் பிறப்பின் பெயர் இது. காதுக்குப் புராதனமாக ஒலிக்கிறதல்லவா? ஆனால் இப்பண்டிகைக்கு இப்பெயர் ஏற்பட்டு ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகமாகவே ஆகிறது, அவ்வளவுதான்.

முன்னாளில் இதற்கு 'யுவான் தான்' என்று பெயர்; முதற் காலை என்பது பொருள். 1912-ல் உதயமான சீனக் குடியரசு மேனாட்டுப் பஞ்சாங்கத்தை மேற்கொண்டதும், அப்பெயர் ஜனவரி முதல் தேதிக்குப் போய்விட்டது. பெயரிழந்து நின்ற பழந்திருநாளுக்கு 1914-ல் யுவான் ஷிகாயின் அரசாங்கம் 'சுன் ஜியே' என்று நாமகரணம் செய்தது. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் நான்கிங் அரசாங்கம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பழைய வருஷப் பிறப்பையே ஒழிக்க முற்பட்டது. ஜனங்கள் கேட்டால்தானே! அவர்கள் வழக்கம் போலவே கொண்டாடினார்கள். 1949-ல் அமைந்த மக்கள் குடியரசோ இதற்கு மூன்று நாள் விடுமுறையே அளித்தது.

பெயர் எதுவாயினும், வீடுகளில் சாதாரணமாய் வழங்கும் சொல் 'குவோ நியன்' என்பது. ஆண்டைக் கடத்தல் என்று அர்த்தம். 'நியன்' என்பது ஒரு கொடிய மிருகம், அதை வெடியாலும் சிவப்பு வர்ணத்தாலும் விரட்டினார்கள் என்று குழந்தைகளுக்குக் கதை சொல்வதுண்டு. சொல்லின் வரலாறோ வேறு. பண்டைய எலும்புச் சாசனங்களில் இவ்வெழுத்து, கதிரைச் சுமந்து நிற்கும் மனிதனின் உருவமாகவே காணப்படுகிறது. விளைச்சல் என்பதுதான் ஆதிப் பொருள். மிருகத்தை விட இந்த மனிதனே எனக்கு உகந்தவன்.

ஓசை ஒற்றுமையில் சீனருக்குள்ள பிரியம் அலாதியானது. 'ஃபூ' என்றால் பாக்கியம். இவ்வெழுத்தைச் சிவப்புக் காகிதத்தில் எழுதிப் பல வீடுகளில் தலைகீழாக ஒட்டுவார்கள். ஏனெனில் தலைகீழ் என்பதும் 'தாவ்'. வந்து சேர்ந்தது என்பதும் 'தாவ்'. பாக்கியம் வந்து சேர்ந்தாயிற்று! விருந்தில் மீன் தவறாது இடம் பெறுவதும் இதே காரணத்தால்தான். மீனும் 'யூ', மிச்சமும் 'யூ'. ஆகையால் அன்றிரவு மீனில் சிறிது மிச்சம் வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். 'நியன் நியன் யொள யூ' என்று வாழ்த்துவார்கள். ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும் என்பது கருத்து.

கற்போர் குரலைக் கவனிக்க வேண்டிய இடம் இது. கடைசி 'யூ'வை, கேள்வி கேட்பது போல் மேலே ஏற்றிச் சொல்ல வேண்டும். தாழ்த்திப் பின் எழுப்பினாலோ, மிச்சம் மழையாகிவிடும்! கதிர் சுமந்த அந்த மனிதன் அதற்கும் ஆட்சேபம் சொல்லமாட்டான்.